ஈமப்பேழையும் சக்கரவர்த்தியின் சேனையும்

மனிதன் தான் வாழ்வதற்கென்று எழுப்பிய கட்டடங்களைக் காட்டிலும், தன் இறந்தோருக்கென்று அமைத்துக் கொடுத்த இருப்பிடங்களே அவனுடைய பூர்வ சரித்திரத்தை அதிக ஒழுங்குடன் காத்து வைத்திருக்கின்றன. வீடும் கடைத்தெருவும் அரண்மனையும் பல தலைமுறைகள் புழங்கிய இடங்கள்; அங்கே உடைந்தது வெளியே எறியப்படும், உபயோகமானது வேறிடத்துக்குப் போய்விடும், பழைய சுவரை இடித்து அதன் செங்கல்லைக் கொண்டே புதிய சுவரை எழுப்புவார்கள்; ஆகையால் ஆராய்ச்சியாளரின் கைக்குக் கிடைப்பது பல காலத்துப் பொருள்கள் கலந்து கிடக்கும் மிச்சமே. ஈமக்குழியின் தன்மை வேறு. இன்ன பொருள் இன்ன இடத்தில் இருக்கவேண்டுமென்ற சம்பிரதாயத்தின்படி அது நிரப்பப்பட்டு, மண்ணிட்டு மூடப்பட்டுவிடுகிறது. ஒரு ஜன சமூகம் தன்னிடமிருந்த செல்வங்களுள் எதை உயர்ந்ததென மதித்தது, எந்தத் தொழிலில் தேர்ச்சி பெற்றிருந்தது, மரணத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று நம்பியது ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு குழிக்குள் விடை கிடைக்கக்கூடும். ஆனால், அந்தப் பொருள்கள் வைத்தது வைத்தபடி இருக்கும்வரைதான் கிடைக்கும்.

ஈம ஆராய்ச்சியின் ஜீவநாடி இந்த நிபந்தனையே. உலகப் புகழ்பெற்ற சீனச் சக்கரவர்த்தியின் சமாதிக்கும், புதுச்சேரிக்கு மேற்கே சுத்துக்கேணியில் கிடைத்த எளிய ஈமத்தாழிக்கும் அது ஒன்றுபோலவே பொருந்துகிறது.

சீனத்தின் கதை மனத்தை வருத்தும் ஒரு வழக்கத்திலிருந்து தொடங்குகிறது. அரசன் இறந்தால் அவனுடைய பரிவாரமும் உடன் செல்லவேண்டுமென்பது அங்கே பண்டைய நம்பிக்கை. ஷாங் வம்சத்து அரசியான ஃபூ ஹாவின் சமாதி 1976ஆம் ஆண்டு ஆன்யாங் நகரில் திறக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான வெண்கலப் பாத்திரங்களுடனும் பச்சைக்கல் அணிகளுடனும் பலியிடப்பட்ட பதினாறு மனிதர்களின் எலும்புகள் காணப்பட்டன; அச்சமாதி கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தது. பிற்காலத்தில் ச்சின் நாட்டுப் பிரபு ஜிங் என்பவனுடைய சமாதியிலோ உடன் புதைக்கப்பட்டோர் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டவர்கள். இந்தக் கொடுமை அதே ச்சின் நாட்டில் கி.மு. 384இல் ஆணையிட்டு நிறுத்தப்பட்டது என்பது சரித்திர வாக்கு. உயிருள்ள மனிதனின் ஸ்தானத்தில் மரத்தாலும் மண்ணாலும் ஆன பிரதிமையை வைக்கும் வழக்கம் வலுப்பெற்று, அதன் உச்ச நிலையாக, அந்நாட்டு அரசனாகப் பதின்மூன்றாம் வயதில் பட்டமேறி, கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து, கி.மு. 210இல் மாண்டுபோன ச்சின் ஷி ஹுவாங் சக்கரவர்த்தியின் சுடுமண் சேனை தோன்றியது.

1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஷான்ஷி மாகாணத்துக் குடியானவர்கள் சிலர் நீருக்காகக் கிணறு வெட்டப்போய் அந்தச் சேனையைக் கண்டெடுத்தார்கள். சக்கரவர்த்தியின் சமாதி மேட்டுக்குக் கிழக்கே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள அந்தக் குழிகளுள் பெரியது 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் உடையது. மூன்று குழிகளிலும் சேர்த்துச் சுமார் 8,000 வீரர்களும், 130 ரதங்களும், அவற்றுக்குரிய குதிரைகளும் இருக்கக்கூடுமென்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆளுயரமுள்ள ஒவ்வொரு வீரனும் பல பாகங்களாகச் செய்து இணைக்கப்பட்டவன். கால்கள் கெட்டியான களிமண். உடலோ மண்திரிகளை வளையம் வளையமாக அடுக்கி எழுப்பிய வெற்றுக்கூடு. கனத்த பச்சைமண்ணைச் சூளையிலிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி மண்ணை வெடிக்கச் செய்துவிடும் என்பதைக் குயவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தபடியால், உடலைக் கூடாக்கி வெப்பத்துக்கு வழிவிட்டார்கள். தலையையும் கைகளையும் தனியே வார்த்து, காதும் மீசையும் கொண்டையும் ஆளுக்கு ஆள் மாறும்படி கையால் திருத்தினார்கள்.

இந்தப் பிரம்மாண்டத்தைக் கண்டு வியப்பது எளிது. அதை வாசித்தறிவதே சாஸ்திரம். வீரர்களின் உடலில் முத்திரையாகவும் கீறலாகவும் எண்பதுக்கும் மேற்பட்ட மேஸ்திரிகளின் பெயர்கள் காணப்படுகின்றன. குற்றம் நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக அரசு வகுத்த ஏற்பாடு அது. குழிகளில் கிடைத்த சுமார் 40,000 வெண்கல அம்புமுனைகளுள் பலவற்றை, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்க்கோஸ் மார்ட்டினோன்-டோரெஸும் சீன நிபுணர்களும் ரசாயன முறையில் பரிசோதித்தார்கள். ஒரு கட்டில் இருந்த அம்புகளின் உலோகக் கலவை ஒன்றாகவும், அடுத்த கட்டின் கலவை வேறாகவும் இருந்தது. ஒரே பட்டறையில் ஒருவர் முனையை மட்டும் வார்க்க, மற்றவர் காம்பை மட்டும் செய்ய, எல்லாம் ஓரிடத்தில் கலந்து கட்டப்பட்டிருந்தால் இந்த வேற்றுமை தோன்றியிராது. சிறு சிறு குழுவினர் தனித்தனியே முழு அம்பையும் செய்து கட்டித் தந்திருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முந்தைய தொழில் நிர்வாகத்தை நமக்கு அறிவித்தவை, எந்த அம்பு எந்தக் கட்டில் எந்த வீரனருகே கிடந்தது என்ற குறிப்புகளே. அள்ளிக் குவித்திருந்தால் அவை வெறும் வெண்கலத் துண்டுகள்.

அதே குழிகள் வேறொரு பாடத்தையும் கற்பித்தன. இன்று சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்த வீரர்கள் அக்காலத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஊதாவுமாகத் தீட்டப்பட்டிருந்தார்கள். சுடுமண்ணின்மேல் ஒருவகை மரத்தின் பாலிலிருந்து எடுத்த மெருகைப் பூசி, அதன்மேல் வர்ணம் இட்டிருந்தார்கள். ஈரமண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்த அந்த மெருகு, வெளிக்காற்று பட்டு ஈரம் குறைந்தவுடன் சில நிமிஷங்களில் சுருண்டு, வர்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு உதிர்ந்துவிட்டது. பின்னர், ஈரத்தின் இடத்தில் பாலிஎதிலீன் கிளைகால் என்ற பொருளைச் செலுத்தி மெருகை நிலைநிறுத்தும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. எனினும், முதலில் வெளிப்பட்ட வீரர்களின் நிறம் போனது போனதுதான். இதற்கு முன்பே 1956 முதல் 1958 வரை மிங் வம்சத்து வான்லி சக்கரவர்த்தியின் திங்லிங் சமாதியைத் திறந்தபோது, அங்கிருந்த பட்டாடைகள் காக்கும் வகையறியாமல் பாழாயின. 1966இல் கலாசாரப் புரட்சிக் கும்பல் அச்சக்கரவர்த்தியின் எலும்புகளையே எரித்துவிட்டது. ஆகவேதான், ச்சின் சக்கரவர்த்தியின் உடல் கிடக்கும் பிரதான மேட்டை இன்றளவும் ஒருவரும் திறக்கவில்லை. உள்ளே பாதரசத்தால் நதிகள் அமைக்கப்பட்டன என்று சரித்திராசிரியர் ஸிமா சியென் எழுதிவைத்ததும், அம்மேட்டு மண்ணில் பாதரசத்தின் அளவு மிகுந்திருப்பதாக 1980களின் பரிசோதனைகள் காட்டியதும் ஆவலைத் தூண்டுகின்றன; ஆயினும், திறக்கும் ஆற்றல் வந்தபின்னும் காக்கும் ஆற்றல் வரும்வரை பொறுத்திருப்பது என்று அந்நாட்டு அறிஞர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் பொறுமையை நான் அவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்கு நிகராக மதிக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியின் தொல்லியல் என்றவுடன் பண்டைத் துறைமுகமான அரிக்கமேடு நினைவுக்கு வருவது இயல்பே. அதன் அருமையை முதலில் உணர்த்தியவர் இங்கே ஆசிரியராயிருந்த ழூவோ துப்ரேல். ஆனால் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய பிரெஞ்சு அறிஞர் ழான்-மாரி கஸால், துறைமுகத்தோடு நின்றுவிடாமல், பிரெஞ்சு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, முத்திரையர்பாளையத்திலும் சுத்துக்கேணியிலும் இருந்த ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். அவரும் அவர் மனைவி ழெனெவியேவ் கஸாலும் எழுதிய நூல், நகரம் ஒன்றையும் ஈமத்தலங்கள் இரண்டையும் ஒருசேர வைத்து 1956இல் பாரிஸில் வெளிவந்தது. நம் ஊர்ப் பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரை நகருக்குக் கொணர்ந்ததன் நினைவுச் சின்னம் என்பதை அறிந்தோர் பலர். அதே முத்திரையர்பாளையத்தில் பெருங்கற்கால மக்கள் தம் முன்னோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள் என்பதை அறிந்தோர் சிலரே.

நம் நாட்டுப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பல வகைப்படும். நிலத்தில் குழி தோண்டி இறக்கிய முதுமக்கள் தாழி. நான்கு பக்கமும் கற்பலகை நிறுத்தி மேலே மூடுகல் இட்ட கற்பதுக்கை. தரைக்குமேல் தோன்றும் கல்திட்டை. இவற்றைச் சுற்றி உருண்டைப் பாறைகளை வைத்து அமைத்த கல்வட்டம். இவை தமிழகமெங்கும் காணப்படுபவை. புதுச்சேரி முதல் செங்கற்பட்டு வரையிலுள்ள இந்தப் பிரதேசத்துக்கு விசேஷமாக உரியது ஈமப்பேழை. ஒரு பேழையை அருகிலிருந்து நோக்கினால் அதைச் செய்த குயவரின் சாமர்த்தியம் புலனாகும். நீண்ட தொட்டி போன்ற உடல். அதன் அடியில் இரண்டு வரிசையாகக் குட்டையான, உள்ளீடற்ற கால்கள். மேலே வளைந்த மூடி. சீன வீரனின் உடலைக் கூடாக்கிய அதே தத்துவம் இங்கே பேழையின் கால்களைக் குழலாக்கியிருக்கிறது. ஒருவரையொருவர் கண்டறியாத இரு தேசத்துக் குயவர்களுக்கு நெருப்பு ஒரே பாடத்தைக் கற்பித்தது. பேழைகள் பலவும் ஒரு முழு உடலைக் கிடத்தப் போதாத அளவினவாக இருப்பது கவனத்துக்குரியது. உடலை முதலில் வேறோரிடத்தில் இட்டு, தசை மறைந்தபின் எலும்புகளை மட்டும் திரட்டிவந்து பேழையில் வைத்த இரண்டாம் அடக்கம் என்ற வழக்கத்தை அந்த அளவே நமக்குத் தெரிவித்துவிடுகிறது. இறந்தோரைச் சுடுவது, இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று மணிமேகலை வகைப்படுத்திக் கூறுவதும், தாழி வனையும் குயவரை விளித்துப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியதும் இந்த மரபு நெடுங்காலம் நிலைத்தமைக்குச் சான்று.

பேழைக்கு அருகில் வைக்கப்படும் மட்கலங்களும் ஆராயத்தக்கவை. உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருக்கும் கறுப்பு-சிவப்புக் கலங்கள் அவை. கலத்தைச் சாம்பலிலோ உமியிலோ வாய் கவிழ்த்து வைத்துச் சுட்டால், உள்ளே பிராணவாயு புகாமையால் புகைக்கரி படிந்து கறுப்பு உண்டாகிறது. வெளியே காற்றுப்பட்ட இடத்தில் களிமண்ணிலுள்ள இரும்பு பிராணவாயுவுடன் கூடிச் சிவக்கிறது. ஒரே சூளையில், ஒரே கலத்தில், இரு நிறங்களையும் எல்லை பிசகாமல் வருவித்த அந்தக் குயவர் காற்றையும் நெருப்பையும் கைக்கருவிகளாகக் கையாளத் தெரிந்தவர்.

சீனத்தைப்போல இங்கே ஈமச் சிற்பங்கள் உண்டா என்று கேட்போருக்கு, உண்டு என்றே விடை கூறவேண்டும். அவற்றின் நோக்கம் மட்டும் வேறு. நீலகிரியின் முதல் கமிஷனராயிருந்த ப்ரீக்ஸ் என்பவர், மலையுச்சிகளிலுள்ள கற்குவைகளைத் தோண்டி எடுத்த ஈமக்கலங்களின் மூடிகளில், எருமையும் குதிரையும் யானையும் பறவையும் மனிதரும் சுடுமண் உருவங்களாக அமர்ந்திருக்கின்றன. அவர் காலமானபின் 1873இல் வெளிவந்த நூல் அவற்றை உலகறியச் செய்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்ஸாண்டர் ரீ கண்டெடுத்த வெண்கலக் கலங்களின் மூடிகளிலும் விலங்குகளும் பறவைகளும் நிற்கின்றன. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்துச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈமப்பேழை, விலங்கொன்றின் வடிவிலேயே அமைந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரிலும் விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும், ஈமவட்டத்தின் ஓர் அங்கமாக, பரந்த தோள்களை உடைய மனித உருவின் சாயலில் செதுக்கிய பெரும் கற்பலகைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எதுவும் அரசனுக்குக் காவல்நிற்கும் சேனையன்று. ச்சின் சக்கரவர்த்தியின் குழிகள் ஒரு மனிதனின் ஆணைக்கு ஒரு தேசம் முழுவதும் உழைத்ததைக் காட்டுகின்றன. நம் ஈமக்காடுகளோ, ஒரு கிராமத்துச் சுற்றத்தார் பல தலைமுறைகளாகத் தத்தம் இறந்தோருக்குத் தாமே செய்த மரியாதையைக் காட்டுகின்றன. அரசரை அடக்கம் செய்த இடத்தில் கோயில் எழுப்பும் பள்ளிப்படை மரபு இங்கேயும் உண்டு; ஆனால் அது பிற்காலச் சோழரிடம் காணப்படுவது. மேற்பாடியில் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் கட்டுவித்த கோயில் அத்தகையது.

பெருங்கற்கால ஈமச்சின்னங்களின் காலத்தை எவ்வாறு நிர்ணயித்தார்கள் என்பது, நம் ஊருக்குப் பெருமை தரும் அத்தியாயம். எழுத்தும் நாணயமும் இல்லாத ஈமக்குழிகளின் வயது நெடுநாள் வெறும் ஊகமாகவே இருந்தது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெட்டைன் வகைச் சிவப்புக் கலங்களை அங்கே கண்டார். அவை கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிச் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் முன்பே நிறுவப்பட்ட உண்மை. அவற்றோடு ஒரே அடுக்குகளில், உட்புறத்தில் வளைய வளையமாகப் புள்ளிக்கோலம் உருட்டிய ரௌலட்டட் கலங்களும் கிடந்தன. ஆகவே, அவற்றின் காலமும் தெரிந்துவிட்டது. அந்த ஒரு குறிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரிக்குச் சென்ற வீலர், அங்கே ரௌலட்டட் கலம் கிடைத்த அடுக்குக்குக் கீழே பெருங்கற்காலப் பண்பாட்டின் அடுக்கு இருப்பதைக் கண்டு, தென்னாட்டுப் பெருங்கற்காலத்துக்கு முதன்முதலாகத் திட்டமான ஒரு கால எல்லையை வகுத்தார். தென்னிந்திய ஈமச்சின்னங்களின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது அரிக்கமேடு.

வீலர் கணித்த காலம் மிகப் பிற்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. அதைத் திருத்தியது அணுவிஞ்ஞானம். உயிருள்ள பொருள் யாவும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் சிறிதளவு கதிரியக்கக் கரியைப் பெற்றுக்கொண்டேயிருக்கின்றன. உயிர் பிரிந்தவுடன் வரவு நின்று செலவு மட்டும் தொடர்கிறது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். 1949இல் வில்லர்டு லிபி வெளியிட்ட இந்த முறை, இன்று முடுக்கி நிறைமானியின் உதவியால் ஒரு நெல்மணியைக் கொண்டே காலத்தைக் கூறும் நுட்பத்தை எட்டியிருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009இல் திறந்த ஈமக்குழியொன்றின் நான்குகால் சாடியில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது; அந்நெல் கி.மு. 490ஐச் சேர்ந்தது எனத் தெரிந்ததும், அதே குழியில் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனையின் காலமும் உடன் விளங்கிற்று. சிவகளைத் தாழியிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்றும், ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்குக் கி.மு. 905, கி.மு. 696 என்றும் காலம் கிடைத்திருக்கிறது. நெல் சாடிக்குள்ளும், சாடி குழிக்குள்ளும், பிரிமனை அதன் அருகிலும் இருந்தபடியினாலேயே ஒன்றின் வயது மற்றொன்றின் வயதாயிற்று என்பதைக் கவனிக்கவேண்டும். நெல்லைத் தனியே, பிரிமனையைத் தனியே யாரோ விற்றிருந்தால் இரண்டும் ஊமைகளாயிருக்கும்.

ஆதிச்சநல்லூரே இதற்கு வருந்தத்தக்க உதாரணம். 1876இல் அங்கே தோண்டிய ஜெர்மானியர் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் சேகரித்தவை பாரிஸுக்குச் சென்றன. ரீ எடுத்தவை சென்னையை அடைந்தன. பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு வாள்களும் கண்ணாடிப் பேழைகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், எந்தப் பட்டம் எந்த மண்டையோட்டருகே இருந்தது, அது ஆணுடையதா பெண்ணுடையதா, அதே தாழியில் வேறென்ன இருந்தன என்று இன்று கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு விடை கிடையாது. இன்றைய ஆராய்ச்சியாளர், அவ்விடத்திலேயே தாழிக்குள்ளிருக்கும் மண்ணை அடுக்கடுக்காக நீக்கி, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்தும் படமெடுத்தும், மண்ணைச் சலித்து மகரந்தத்தையும் உமித்துகளையும் தேடியும், பல்லிலும் செவியெலும்பிலும் மரபணுவின் சுவடு தங்கியிருக்கிறதா என்று பார்த்தும் பணியாற்றுகிறார். நம் உஷ்ணமும் செம்மண்ணின் அமிலத்தன்மையும் எலும்பை விரைவில் அரித்துவிடுவதால், கிடைக்கும் ஒரு பல்லும் பெருஞ்செல்வம். கீழடியின் ஈமக்காடான கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025இல் அம்மனிதர்களின் முகச்சாயலை உருவாக்கிக் காட்டியது இத்தகைய கவனத்தின் பயன்.

ரசாயன சாலையில் ஒரு பரீட்சை தவறினால் மறுநாள் அதைத் திரும்பச் செய்யலாம். அகழாய்வு அப்படிப்பட்டதன்று, ஒரு குழியை ஒரே ஒருமுறைதான் திறக்க முடியும், திறக்கும் செயலே அதன் அமைப்பை அழித்துவிடுகிறது. அறிஞர்களே இத்தனை அச்சத்துடன் நெருங்கும் காரியத்தை, நாம் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு ஒரு நாழிகையில் முடித்துவிடுகிறோம். புதுச்சேரியைச் சூழ்ந்த செம்மண் மேடுகள் கட்டடத்துக்கென்று வெட்டப்படுகின்றன, மனைப்பிரிவுகள் எழும்புகின்றன. பல ஈமக்காடுகளுக்கு மேலே காவலாக ஒரு கல்வட்டமாவது இருக்கும். தாழிகளுக்கும் பேழைகளுக்கும் அதுவும் இல்லாமற்போவது உண்டு. வளர்ச்சி வேண்டாமென்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால், நம் கொம்யூன்களில் எந்த மேட்டில் கல்வட்டம் தெரிகிறது, எந்த ஓடைக்கரையில் தாழியின் விளிம்பு வெளிப்பட்டிருக்கிறது என்று ஒரு கணக்கெடுத்து, மண்ணெடுக்கவும் மனை பிரிக்கவும் அனுமதி தருவதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்ப்பதென்று ஒரு கிரமத்தை ஏற்படுத்துவது அரசாங்கத்தால் ஆகக்கூடிய காரியம். கல்லூரிகளின் சரித்திர மாணவர்கள் அந்தக் கணக்கெடுப்பில் முன்நிற்கலாம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தாழியொன்று தென்பட்டால், புதையல் இருக்குமென்று உடைக்காமலும், அழகாயிருக்கிறதென்று பெயர்த்தெடுக்காமலும், அன்றைக்கு வேலையை நிறுத்தி, தொல்லியல் துறைக்கோ வருவாய்த்துறைக்கோ அறிவிப்பது குடிமக்களால் ஆகக்கூடிய காரியம். சீனத்துக் குடியானவர்கள் கிணற்றில் அகப்பட்ட தலையை உடைத்தெறிந்துவிட்டு மேலும் தோண்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும்.

பேரரசரின் சமாதியைக் காக்க ஒரு பேரரசு இருந்தது. இன்று அதைக் காக்க ஒரு தேசமும், 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்தும் இருக்கின்றன. பெயர் தெரியாத உழவரும் குயவரும் கொல்லரும் தம் சுற்றத்தாரை இட்டுவைத்த பேழைகளுக்கோ, அந்த நிலத்தின்மேல் இன்று வாழும் நம்மைத் தவிர வேறு காவலர் இல்லை. தம் பெயரைக் கல்லில் வெட்டிவைக்க வசதியற்றிருந்த அந்த மக்களைப் பற்றி உலகம் அறியவேண்டுவன எல்லாம், அவர்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும் ஒரு கலத்தையும் ஒரு பிடி நெல்லையும் பொறுத்தே இருக்கின்றன. அவற்றை அவ்விடத்திலேயே காப்பது நாம் செலுத்தியாகவேண்டிய கடன்.